இரண்டாவது சாட்சி

ஆலையடி,
செங்கலடி.
14.02.1993

அன்புள்ள தங்கச்சி பரீனாவுக்கு,

புஸ்பம் அக்கா எழுதுகிறேன். எந்தப் புஸ்பம் என்று யோசித்துத் தலையைச் சொறியாதே. உன் தறிக்குப் பக்கத்துத் தறி, உன் லைன் வீட்டுக்குப் பக்கத்து வீடு, உன் உம்மா வைத்த கணவாய்க் கறியில் பாதியை வேலிக்கு மேலால் வாங்கித் தின்றவள். கடிதத்தின் தலையில் சிவமயம் போடவில்லையே என்று பார்க்கிறாயா? அவருக்கும் எனக்கும் ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நான் இப்போது செங்கலடியில் ஒரு தையல்கடையில் வேலை செய்கிறேன். போன கிழமை முதலாளி பள்ளிக்கூடச் சட்டைத் துணி வாங்கிவரச் சொல்லிக் காத்தான்குடிக்கு அனுப்பினார். அங்கே கடையில் உன் கூடப்பிறந்த மூத்தவள் றம்லா நிற்கிறாள். முதலில் என்னைத் தெரியாதவள் போலத் துணியை மடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. உன்னோடு பிறந்த காக்காவைத் தொழுகையில் வைத்துச் சுட்டது எங்கள் ஆட்கள். அதற்குப் பிறகு ஒரு தமிழிச்சி வந்து நின்றால் யார் வா என்பார்கள்? கொஞ்ச நேரத்தில் அவளாகவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் விலாசத்தையும் எழுதித் தந்தாள். நீ தம்மாமில் ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகளைப் பார்க்கிறாயாம். இரண்டு தறியைப் பார்க்கச் சொன்னதற்கே மூக்கால் அழுதவள் நீ.

ஆலையைக் கேட்பாய். தொண்ணூறில் பூட்டினதுதான். இப்போது உள்ளே ஆமி இருக்கிறது. தறிகளையெல்லாம் பழைய இரும்பென்று லொறியில் ஏற்றிவிட்டார்கள். லைன் வீடுகளில் எட்டுக் குடும்பம் மிச்சம். அதில் ஒரு குடும்பம் நான் ஒருத்தி.

சுகம் விசாரித்தது போதும். இனி விசயத்துக்கு வருகிறேன். நம் ஆலையில் வரவு பார்த்த ரைம்கீப்பர் அருமைநாயகம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. பழுகாமத்தில், பெண்சாதி ஊரில், வட்டைக்குள் வயல் செய்துகொண்டு ராசா மாதிரி இருக்கிறாராம். தை மாதம் மகளுக்குக் கலியாணம் முடித்து வீட்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். என் வயிற்றில் இருந்ததோ, என் மனிசனைக் கொண்டுபோன அந்த மாதமே கரைந்துபோனது.

நான் கண்டது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். எண்பத்தாறு ஐப்பசி. காலை எட்டு மணியிருக்கும். ஆமி ஜீப் எங்கள் லைனுக்குள் வந்து நின்றது. முன் சீற்றில் அருமைநாயகம். இறங்கினார், என் கதவைக் கையால் காட்டினார். உள்ளே நல்லரத்தினம் காய்ச்சலில் என் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தார். அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். எந்தக் காம்பில் போய்க் கேட்டாலும் அந்தப் பெயரில் ஆளே வரவில்லை என்றார்கள்.

நான் அன்று வீட்டில். நீ காலைச் சிப்டில் ஆலைக்குள் நின்றாய். ஆமிக்கு அந்த மனிசன் என்ன சொல்லிக் கொடுத்தார்? ஏன் என் வீட்டுக்கு வந்தார்? ஒன்றும் விடாமல் எழுது. அவர் படுக்கையில் கிடந்து நல்ல சாவு சாவதற்குள் நான் முடிக்கவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

உன் அக்கா,
புஸ்பம்


786

தம்மாம்,
29.03.1993

அன்பும் பாசமும் நிறைந்த புஸ்பம் அக்காவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நான் இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று உடுப்புத் தோய்க்கும் மெசினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று வாசித்தேன். இந்த வீட்டில் நான் அழுதாலும் யார் காதிலும் விழாத இடம் அது ஒன்றுதான்.

ஆறு பிள்ளைகள் இல்லை அக்கா, ஏழு. போன மாதம் ஒன்று கூடியிருக்கிறது. மூத்தவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், கையைத் தட்டிக் கூப்பிடுவான். சாப்பாட்டுக்குக் குறையில்லை. மீன்தான் ஒரு ருசியும் இல்லை. நம் ஆற்று மீனுக்கு ஈடாக இங்கே ஒன்றும் கிடையாது.

காக்காவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். எங்களுக்குத் தெரிந்த தமிழ் ஆட்களில் அதை வாய்விட்டுச் சொன்னது நீங்கள் ஒருவர்தான். அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

அருமைநாயகத்தார் கதை வேண்டாம் அக்கா. அவருக்கும் வயது போய்விட்டது. அன்று நான் தறியில் நின்றேன். ஆமி வந்தது, எங்களை முற்றத்தில் நிறுத்தினார்கள், பிறகு போனார்கள். ஏழு வருடத்துக் கதை, எனக்கு ஒன்றும் சரியாக ஞாபகம் இல்லை. கேட்கவேண்டியவன் மேலே இருக்கிறான், அவனிடம் விட்டுவிடுங்கள். நல்லரத்தினம் அண்ணனுக்காக நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

ஊருக்கு வரும் ஒருவரிடம் உங்களுக்கு ஒரு புடவைத் துணி கொடுத்தனுப்புகிறேன். நீல நிறம். உங்களுக்கு எடுப்பாக இருக்கும்.

என்றும் உங்கள் தங்கச்சி,
பரீனா


ஆலையடி,
11.05.1993

அன்புள்ள பரீனாவுக்கு,

துணி கிடைத்தது. நிறம் நல்லது, நெசவு மோசம். இரண்டு தண்ணிக்கு மேல் தாங்காது. இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறாய், ஆலையில் இரண்டு வருடம் நின்றவள்.

ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எந்த வெள்ளிக்கிழமை எந்தத் தறியில் பட்டி அறுந்தது என்று சொல்லக்கூடியவள் நீ. கலியாண வீட்டில் யார் என்ன நிறத்தில் உடுத்திருந்தாள் என்று பத்து வருடம் கழித்துச் சொல்வாய். என் மனிசனைப் பிடித்த நாள் மட்டும் உனக்கு மறந்துபோனது. யாருக்கடி கதை சொல்கிறாய்?

நீ எழுதாவிட்டால் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா? மண்முனையில் தோணி ஏறிப் படுவான்கரைக்குப் போனேன். அந்தக் கரை இயக்கத்தின் கையில். பொறுப்பாளர் என்று ஒருவர் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, முதலில் இருந்து சொல்லுங்கள் என்றார். முதலில் இருந்து என்றால் எனக்கு ஆலையில் இருந்துதான் தொடங்கத் தெரியும். தொடங்கினேன்.

அறுபத்தாறில் ஆற்றங்கரைக் கண்டல் காட்டை வெட்டி ஆலை கட்டினதைச் சொன்னேன். அதுவரை அந்த இடத்துக்கு ஒரு பெயர் கிடையாது. இருநூறு தறி, எட்டு லைன் வீடு. முதல் நாலு லைன் தமிழருக்கு, மற்ற நாலும் உங்கள் சோனக ஆட்களுக்கு என்று மனேச்சர் பிரித்துக் கொடுத்தாராம். இரண்டு வருடத்தில் யார் எந்த லைனில் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாமல் கலந்துபோனோம். ஏறாவூரில் கைத்தறி நெய்த உங்கள் குடும்பங்கள்தான் எங்கள் பெண்களுக்கு அறுந்த நூலை முடியப் பழக்கினது. அதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து எழுதினார். தறிச் சத்தத்தில் பேச்சுக் கேளாமல் நாங்கள் வாயசைவைப் பார்த்தே கதைக்கப் பழகினதைச் சொன்னேன். சங்கு ஊதி வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான், செங்கலடிக்காரர் எங்களை ஊமை ஊர் என்று பகிடி பண்ணுவார்கள் என்றேன். அப்போதுதான் அவர் கொஞ்சம் சிரித்தார்.

பிறகு எழுபத்தெட்டு வேலைநிறுத்தத்தைச் சொன்னேன். நாற்பது நாள். நல்லரத்தினம் சங்கச் செயலாளர். அன்றைக்கு மனேச்சர் பக்கம் நின்றவர் அருமைநாயகம் ஒருவர்தான். ஆலை வாசலில் பலகையடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்தப் பலகையைப் பற்றியும் விளக்கினேன். வேலைக்கு வருகிறவர் தன் நம்பர் அடித்த பித்தளைத் தகட்டை அதில் மாட்டவேண்டும், மாதத்தில் மூன்று நாள் தகடு தொங்காவிட்டால் சாயக்கொட்டிலுக்கு மாற்றுவார்கள், சாயக்கொட்டிலுக்குப் போனவர்கள் இரண்டு வருடத்தில் இருமிச் செத்தார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காவல் இருந்த மனிசன் இவர். ஆளை ஆமிக்குக் காட்டிக் கொடுக்க இவருக்கு நெஞ்சு எவ்வளவு நேரம் தயங்கியிருக்கும்?

எல்லாம் எழுதி முடித்துக் கொப்பியை மூடினார். “ஒரு ஆள்ட வாய்ச்சொல்ல வச்சு ஒண்டும் செய்யேலா அக்கா. உள்ளுக்கு நிண்ட ஒராளும் சொல்லணும்” என்றார்.

அந்த ஒராள் நீதான். மற்றவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், பாதிப் பேர் எந்த நாட்டில் என்று தெரியாது. எனக்கு வேறு சாட்சி இல்லை. எழுது.

புஸ்பம் அக்கா


786

தம்மாம்,
22.06.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று நாள் என் வேலை ஓடவில்லை. சோற்றைக் கரியாக்கி ஏச்சு வாங்கினேன்.

நான் எழுதமாட்டேன் அக்கா. என் காக்கா பள்ளிக்குள் நெற்றியைத் தரையில் வைத்திருந்த நேரத்தில் சுட்டவர்களிடம் போய், இன்னொரு மனிசனையும் கொண்டுபோங்கள் என்று நான் கைப்பட எழுதித் தரவேண்டும் என்கிறீர்கள். அவர்கள் விசாரிப்பது எப்படி என்று எங்கள் ஊருக்குத் தெரியும். நீங்கள் அந்தக் கொப்பிக்கு முன்னால் எப்படி உட்கார்ந்தீர்கள்? எங்கள் உம்மாவின் முகம் உங்களுக்கு ஒருதரமாவது நினைவுக்கு வரவில்லையா? இதை எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

நீங்கள் இனி என்னைக் கேட்டுக் கேட்டுக் கொல்லக்கூடாது என்பதற்காக ஒன்று மட்டும் எழுதுகிறேன். அன்று ஆமிக்காரர் அருமைநாயகத்தாரை ஜீப்பில் பிடித்துத் தள்ளவில்லை. அவர் தானாகத்தான் ஏறினார். வீட்டைக் காட்டுகிறேன் என்று அவர் வாயால்தான் சொன்னார். அதை நான் கண்டேன், கேட்டேன். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இதோடு விட்டுவிடுங்கள் அக்கா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இங்கே வெயில் ஆளை அவிக்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

பரீனா


ஆலையடி,
01.09.1993

என் அன்புத் தங்கச்சி பரீனாவுக்கு,

நீ நல்லாயிருக்கவேண்டும். எழுதமாட்டேன் எழுதமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே எழுதவேண்டியதை எழுதிவிட்டாய். அந்த நாலு வரி எனக்குப் போதும்.

கடிதத்தை அப்படியே கொண்டுபோய்ப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். உன் காக்காவைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு தாளைத் திருப்பினார். ‘தானாகத்தான் ஏறினார்’ என்ற வரிக்குக் கீழே பேனையால் கோடு போட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஏழு வருடத்தில் எனக்கென்று ஒருவர் செய்த முதல் காரியம் அந்தக் கோடுதான்.

திங்கட்கிழமை அருமைநாயகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வயலில் நின்றவரை, கால் கழுவக்கூட விடாமல் கொண்டுபோனார்களாம். அவருக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும்தானே.

இன்னும் கேள். நேற்று அவருடைய பெண்சாதி அன்னப்பூரணி ஆறு கடந்து என்னைத் தேடி வந்தாள். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். முற்றத்தில் நின்று, “தங்கச்சி, அந்த மனிசன் ஒரு எறும்பக்கூட மிதிக்காத ஆள்” என்று அழுதாள். நான் பாயும் போடவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. என் மனிசனும் எறும்பை மிதிக்கவில்லை என்றேன். எந்தக் காம்பு, யாரைக் கேட்பது, எந்தத் துறையில் தோணி, எந்த வாசலில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று கேட்டாள். நான் ஏழு வருடம் கேட்ட கேள்விகள் அவ்வளவும் அவள் வாயில் வந்தன. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். எனக்கு எல்லோரும் சொன்ன அதே பதில். அவள் போன பிறகு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை.

அவரை இன்னும் விசாரிக்கிறார்களாம். இரண்டு மூன்று மாதம் எடுக்குமாம். இவ்வளவு காலம் பொறுத்தவளுக்கு இது ஒரு காலமா?

தைலத்தை மறக்காமல் அனுப்பு.

உன்னை மறவாத அக்கா,
புஸ்பம்


786

தம்மாம்,
25.09.1993

புஸ்பம் அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நம் ஊர் அசனார் லீவில் வருகிறார். அவர் கையில் கொடுத்து, றம்லா ராத்தாவிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ராத்தா உங்கள் கையில் தருவாள். வாசித்த உடனே தோணி ஏறுங்கள். கடைசிவரை வாசித்துவிட்டு யோசிக்கலாம் என்று இருக்காதீர்கள். அருமைநாயகத்தார் நல்லரத்தினம் அண்ணனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அன்று ஏழரை மணிக்கு ஆமி உள்ளே வந்தது. தறிகளை நிறுத்தச் சொன்னார்கள். எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, வாசல் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய்த் தன் தகட்டை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போகவேண்டும். அப்படித்தான் எல்லோரும் போனார்கள். கடைசியில் பலகையில் ஒரு தகடு மட்டும் தொங்கியது. நூற்றுப் பதினேழு. நல்லரத்தினம் அண்ணனுடைய தகடு.

தகடு இருக்கிறது, ஆள் இல்லை. அப்படியென்றால் ஆமியைக் கண்டு ஒருவன் மதில் பாய்ந்து ஓடியிருக்கிறான் என்று ஆமிப் பெரியவன் கத்தினான். அருமைநாயகத்தார் முன்னுக்குப் போய், அந்த மனிசன் வரவே இல்லை, காய்ச்சலில் வீட்டில் கிடக்கிறார் என்றார். வராதவனின் தகடு நடந்து வந்ததா என்று கேட்டுக் கன்னத்தில் அடித்தார்கள். கண்ணாடி தெறித்துப் போனது. மாட்டினது யார் என்று கேட்டுத் திரும்பவும் அடித்தார்கள்.

மாட்டினது நான்.

அவருக்கு அது தெரியும். யாருடைய தகட்டை யார் மாட்டுகிறார்கள் என்று அவருக்கு எப்போதும் தெரியும். நாங்கள் இரண்டாவது தகட்டை மாட்டும்போதுதான் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். காவல் இருந்தார் என்று நீங்கள் பொறுப்பாளரிடம் சொன்னீர்களே, அந்தத் துடைப்பு எங்களைப் பார்க்காமல் இருக்கத்தான்.

நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். கையைத் தூக்கப் போனேன் அக்கா, அல்லாஹ் சத்தியமாகப் போனேன். ஆமிக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் என்னைப் பார்த்து, சத்தமில்லாமல், நாம் தறியில் கதைப்பது மாதிரி வாயை மட்டும் அசைத்தார். “வாயத் திறக்காத, புள்ள.” எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு பெண்பிள்ளையை ஜீப்பில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதை வாசிக்கும் உங்களுக்கும் தெரியும்.

பிறகு அவர் ஆமிக்காரனிடம் உரத்துச் சொன்னார். “வீடு எனக்குத் தெரியும். வாங்க, காட்டுறன். காய்ச்சலோட கிடக்கிற ஆளக் கண்ணால கண்டா நம்புவீங்கதானே.” சொல்லிவிட்டுத் தானாக ஏறினார். நடுங்கிக் கிடப்பவரைக் கண்டால் விட்டுவிடுவார்கள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். போன கடிதத்தில் நான் எழுதிய நாலு வரியும் உண்மை. அதற்கு முன்னால் நடந்ததை எழுதாமல் விட்டேன். இப்போது அந்த நாலு வரிக்குக் கீழே கோடு போட்டு அவரை வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று எழுதவேண்டும், உங்களைக் குற்றம் சொல்ல இல்லை. அன்று விடிய வேலிக்கு மேலால் அந்தத் தகட்டை என் கையில் தந்தது நீங்கள். “அவருக்குக் காய்ச்சல் புள்ள. இதோட மூணாந்தரம். சாயக்கொட்டிலுக்குப் போட்டிருவாங்க, நீ மாட்டிவிடு” என்று சொன்னீர்கள். நான் ஓம் என்று வாங்கினேன். நீங்கள் எனக்கு எத்தனை தரம் மாட்டியிருக்கிறீர்கள், நான் உங்களுக்கு எத்தனை தரம் மாட்டியிருக்கிறேன். ஆலையடியில் அப்படிச் செய்யாதவர் யார்?

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கீழே என் முழுப் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது. என்னை என்ன செய்வதானாலும் செய்யட்டும், நான் வந்து நிற்கிறேன். அவரை விடச் சொல்லுங்கள்.

கச்சி முகம்மது பரீனா


ஆலையடி,
20.11.1993

பரீனா,

ஐப்பசி பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை றம்லா உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள். சோதனைச் சாவடி ஐந்து தாண்டி, அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். வாசிக்காமலே அவளுக்கு ஏதோ விளங்கியிருக்கிறது, இன்றைக்கே போங்கள் அக்கா என்றாள். ஓம் என்று தலையாட்டி அவளை அனுப்பினேன்.

நான் போகவில்லை. பதினொரு நாள் போகவில்லை. உனக்குப் பொய் எழுதி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. காய்ச்சல் இல்லை, தோணி ஓடாமல் இல்லை, பாதை பூட்டவில்லை. கடிதத்தைச் சீலைகளுக்குக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் தையல்கடைக்குப் போய்ப் பொத்தான் தைத்தேன்.

முதல் நாள், அவரைக் காப்பாற்ற நீ பொய் சொல்கிறாய் என்று நினைக்கப் பார்த்தேன். அது ஒரு பொழுதுக்குக்கூட நிற்கவில்லை. நீ எழுதின ஒவ்வொரு சொல்லும் எனக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது. வேலிக்கு மேலால் தகட்டைத் தந்ததை நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? மறக்கவில்லை. தெரிந்தே வைத்திருந்தேன். ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த நான், அந்தத் தகடு அன்று பலகையில் தொங்கியதா என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயம்.

அவர் குற்றவாளி இல்லை என்றால் எனக்கு யார் மிச்சம்? என் மனிசனைத் தூக்கின ஆமிக்காரனின் பெயர் தெரியாது. நீ கடலுக்கு அந்தப் பக்கம். கைக்கு எட்டும் தூரத்தில் எனக்குக் கிடைத்தவர் அவர் ஒருவர்தான். அவர் அங்கே அடைபட்டுக் கிடக்கும்வரை நான் நல்லவள், எனக்கு அநியாயம் செய்யப்பட்டது. அவரை வெளியே விட்டால் நான் யார் என்று நான் பார்க்கவேண்டி வரும். அதற்குத்தான் அந்தப் பதினொரு நாள். அவர் இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று, குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகும் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் போனேன். பொறுப்பாளர் உன் கடிதத்தை முழுவதும் வாசித்தார். பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்தார்.

“முந்தநாள் முடிஞ்சிது அக்கா. இதக் கொஞ்சம் முந்திக் கொண்டந்திருக்கலாம்” என்றார்.

கடிதம் எப்போது என் கைக்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அடுத்தவரைக் கூப்பிட்டார், நான் எழும்பி வந்துவிட்டேன்.

நீ ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாய். முதலில் அவர் சொன்னதால் மூடினாய், அது சரி. பிறகு நான் கடிதத்துக்குக் கடிதம் பிழையான மனிசனை வெறுத்து எழுதியதை வாசித்துக்கொண்டு, புடவைத் துணியும் தைலமும் அனுப்பிக்கொண்டு இருந்தாயே, அதை நான் மன்னிக்கமாட்டேன். தகடு மாட்டினதை எப்போதோ மன்னித்துவிட்டேன், அதில் மன்னிக்க ஒன்றும் இல்லை. நீ பங்குனியில் எழுதியிருக்கவேண்டிய கடிதத்தைப் புரட்டாதியில் எழுதினாய். என்னையும் நீ மன்னிக்காதே, நான் கேட்கவில்லை.

முந்தாநாள் பழுகாமத்துக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடியவில்லை, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அன்னப்பூரணி வெள்ளைச் சேலையோடு வாசலுக்கு வந்தாள். நான் முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். தகட்டைக் கொடுத்தது யார், மாட்டினது யார், அவர் யாருக்காக அடி வாங்கினார், ஏன் ஜீப்பில் ஏறினார், யார் ஏழு வருடம் பேசாமல் இருந்தது, யார் பதினொரு நாள் கடிதத்தை ஒளித்து வைத்தது. ஊமை ஊர்க்காரி அன்றைக்குத்தான் சத்தமாகக் கதைத்தேன். மகன்மார் இரண்டு பேர் எழும்பி வந்தார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை இருத்தினாள்.

கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். “அந்தப் புள்ள எங்க இரிக்கி?”

என்னிடம் மிச்சமிருந்த உன் கடிதங்களை எல்லாம் கொண்டுபோயிருந்தேன். விலாசம் இருக்கும் உறைகளோடு கொடுத்துவிட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மகள் படித்தவள், அவள் வாசித்துக் காட்டுவாள், அவள்தான் எழுதுவாள். என் மனிசனை யார் கொன்றது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருந்தது என்றால் அவளுக்கும் இருக்கிறது. அவள் என்ன கேட்டாலும் பதில் எழுது. ஞாபகம் இல்லை என்று அவளுக்கு எழுதாதே. பாதியை விட்டுப் பாதியைச் சொல்லாதே. அவர் உன்னைப் பார்த்து என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், கண்ணாடி உடைந்த பிறகு அவர் முகம் எப்படி இருந்தது, எல்லாம் எழுது. அவள் அதைக் கேட்டு உன்னைச் சபித்தால் அதையும் வாங்கிக்கொள்.

எனக்கு இனி எழுதாதே. வந்தால் வாசிக்கமாட்டேன்.

அவள் என்னைத் தேடி வருவதென்றால் ஒரு தோணித் தூரம்தான். அவளுடைய மகன்மாருக்கும் வழி தெரியும். யாராவது வந்து கேட்டால் நான் வீட்டில் இருக்கிறேன் என்று லைனில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

புஸ்பம்